பதினான்காவது தொட்டி

தொட்டிச் செடியின் இலை மஞ்சளானால் எங்கள் மலையில் முதலில் செய்கிற காரியம் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவது. இரக்கத்தில்தான் ஊற்றுகிறார்கள். உள்ளே வேர் மூச்சு முட்டி அழுகிக்கொண்டிருக்கும். இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறேன் நீதிபதி ஐயா. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதை யாரும் நம்புவதில்லை.

எழுதுகிறவர் எழுதிக்கொள்ளட்டும், நான் நிதானமாகவே சொல்கிறேன். பெயர் பூஷ்தா. வயது ஐம்பத்தெட்டு. மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. மகள்கள் இருவரும் தெத்துவான் நகரத்தில் இருக்கிறார்கள். இளமையில் கடல் தாண்டி ஸ்பெயினில் பதினோரு வருடம் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் தக்காளியும் மிளகாயும் பறித்தேன். அங்கே ஒரு பொறியாளர் இருந்தார். அவருக்குப் பின்னால் மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தே இலை பார்க்கக் கற்றேன். ஊருக்குத் திரும்பும்போது அவர் எனக்கு ஒரு லென்ஸ் கொடுத்தார். இந்தச் சட்டைப் பையில் இருப்பது அதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரின் நாற்பது வீட்டில் எந்த வீட்டிலும் என்னிடம் காட்டாமல் ஒரு மருந்தும் தெளித்ததில்லை. சந்தை நாளில் கைக்குட்டையில் சுற்றி இலை கொண்டுவருவார்கள். "டாக்டர், இது என்ன?" என்பார்கள். நான் திருப்பிப் பார்த்துச் சொல்வேன். சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள உங்களுக்கு இது தேவைப்படும்.

கீஃப் பயிரிட அரசாங்கம் உரிமம் கொடுக்கத் தொடங்கியபின் நாங்களும் ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தோம். அரசாங்கக் காகிதத்தில் அதைக் கஞ்சா என்றுதான் எழுதுகிறார்கள், எழுதட்டும். சங்கத்தில் செடிகளைப் பார்த்துக் குறிப்பு எழுதும் வேலை என்னுடையது. எங்களிடம் வாங்க வந்த மருந்துக் கம்பெனி நாட்டு ரகத்தைத்தான் கேட்டது. ஆனால் மலை முழுக்க இப்போது சீமை ரகம். அது தண்ணீரைக் குடிக்கிற குடியில் எங்கள் ஊற்று இரண்டு கோடையாக வற்றிவிட்டது. சுத்தமான நாட்டு விதை ஊரில் ஒரு கைப்பிடிதான் மிச்சம் இருந்தது. அதை வயலில் போட்டால் ஆடு மேயும், ஆலங்கட்டி விழும். யாராவது மொட்டை மாடியில் தொட்டி வைத்து வளர்த்து விதை எடுக்க வேண்டும் என்று முடிவானது.

சங்கத்தில் என்னோடு இருந்த மிமூன் ஒப்புக்கொண்டான். நீல பிளாஸ்டிக் பீப்பாய்களைப் பாதியாக அறுத்துப் பதினான்கு தொட்டி செய்தான். அதிகாரி வந்து எண்ணிப் பார்த்து ஒவ்வொன்றிலும் எண் எழுதிய தகடு மாட்டிவிட்டுப் போனார். அந்தப் பதினான்கும் விதை பிடித்தால் அடுத்த வசந்தத்தில் நாற்பது வீடும் விதைக்கும். பிடிக்காவிட்டால் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விடும்.

மிமூன் நல்லவன். கோபம் மட்டும் சட்டென்று வரும், சட்டென்று போய்விடும். போகிற வரைக்கும் எதிரில் யாரும் நிற்கக் கூடாது. இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவனுடைய தம்பி கத்தூர். பக்கத்து வீடு, ஒட்டின மாடி. இசாகன் சந்தைக்கும் பட்டணத்துக்கும் டாக்ஸி ஓட்டுகிறவன். சங்கத்தில் சேரவில்லை. பட்டணத்திலிருந்து சீமை விதைப் பொட்டலம் கொண்டுவந்து விற்பது அவனுக்கு ஒரு மேல்வரும்படி. வாய் ஓயாமல் பேசுவான். யாரைப் பார்த்தாலும் கிண்டல். டாக்ஸியில் ஏறும் கிழவிகள் எல்லாம் சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். எனக்கு அவன்மேல் எந்தப் பகையும் இருந்ததில்லை.

மே மாதக் கடைசியில் மிமூன் ஒரு இலையைக் கொண்டுவந்தான். அஷூரின் தேநீர்க் கடையில் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தோம். கத்தூரும் இருந்தான். செடியின் அடிப்பக்கத்து இலை. மஞ்சள் படர்ந்து, இடையிடையே துருப்பிடித்த மாதிரி புள்ளிகள். அன்று வெயிலில் கண் கூசியது, நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. லென்ஸை வைத்து ஒரு நொடி பார்த்துவிட்டு, "சிலந்திப் பேன். நாளைக்கே மருந்து தெளி" என்றேன்.

கத்தூர் கையை நீட்டி இலையை வாங்கினான். சிகரெட் சுற்றும் வெள்ளைத் தாளை மேஜைமேல் விரித்து, இலையை அதன்மேல் நான்கு தட்டுத் தட்டினான். தாளை எல்லோருக்கும் காட்டினான்.

"எங்க டாக்டர் பேனு? ஒண்ணும் ஓடலையே. குளிக்கப் போயிருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"பேன் இருந்தா இலைக்கு அடியில வலை இருக்கும்ல? இதுல நரம்பு பச்சையா இருக்கு, நடுவுலதான் மஞ்சள். அண்ணே, நீ புது ஆழ்துளைக் கிணத்துத் தண்ணிதான ஊத்துற? தொட்டி விளிம்புல வெள்ளையா பொருக்குக் கட்டியிருக்கு, நான் பாத்தேன். தண்ணிதான் வினை."

"டாக்ஸிக்காரன் எப்பய்யா டாக்டரானான்?" என்றேன். நானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"எல்லாம் வண்டியில ஏறுற ஆளுங்க சொல்றதுதான். போன வாரம் ஒரு விவசாயக் காலேஜ் வாத்தியார் வந்தாரு. அவர்கிட்ட வாடகை வாங்கல, பாடம் வாங்கிக்கிட்டேன். நீங்க கவலப்படாதீங்க டாக்டர், உங்க தொழிலுக்கு நான் வரமாட்டேன். லென்ஸ் வாங்கக் காசில்ல."

அஷூர் சிரித்த சிரிப்பில் தேநீர் என் முழங்காலில் கொட்டியது. நான் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த சந்தை நாளில் எனக்கு இலை கொண்டுவந்தவர்கள் இரண்டே பேர். அதற்கு முந்தின வாரம் பதினோரு பேர்.

அந்தச் சந்தைக்கு மறுநாள் மிமூனின் மாடிக்குப் போய்ப் பதினான்கு தொட்டியையும் உட்கார்ந்து பார்த்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. பூஞ்சைப் புள்ளி என்றால் வட்டமாக, கருத்த ஓரத்தோடு இருக்கும். இது அப்படி இல்லை. உரம் அதிகமானால் நுனி கருகும். நுனி நன்றாக இருந்தது. தண்ணீர் தேங்கினால் மண்ணில் ஒரு புளித்த வாடை வரும். விரலை விட்டு முகர்ந்தேன், வாடை இல்லை. தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு. நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு மண்ணில் ஏறி, செடிக்கு மெக்னீசியம் கிடைக்காமல் தடுத்துக்கொண்டிருந்தது. கத்தூர் சொன்னது சரி.

இதை நான் அன்றே அறிந்தேன். இதற்கு மேல் இந்த வாக்குமூலத்தில் நான் சொல்கிற எதையும் சந்தேகப்பட்டாலும் இதை மட்டும் சந்தேகப்படாதீர்கள். ஜூன் இரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு எனக்குத் தெரியும்.

மிமூனின் மனைவி யாம்னா ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் வைத்துவிட்டு நின்றாள். "என்னண்ணே, பொழச்சிக்குமா?" என்று கேட்டாள்.

"பூஞ்சை மாதிரி இருக்கு. கீழ் இலையெல்லாம் கிள்ளிப் போடு, பார்க்கலாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வாரம் கழித்து, மெதுவாக, நானே கண்டுபிடித்த மாதிரி மெக்னீசியத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். செடி ஒரு வாரம் தாங்கும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. கத்தூர் அந்த ஒரு வாரத்தைக் கொடுத்திருந்தால் இன்று நாம் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

அவன் கொடுக்கவில்லை. நான்காம் நாளே பட்டணத்து மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் பேதி உப்பு வாங்கி வந்துவிட்டான். வயிற்றைச் சுத்தம் பண்ணக் கரைத்துக் குடிப்பார்களே, அதேதான். அதில் இருப்பது மெக்னீசியம். நான் மாடியில் இருக்கும்போதே சுவரைத் தாண்டி வந்தான்.

"அண்ணே, எல்லாத்துக்கும் வேணாம். ஒரே ஒரு தொட்டிய எனக்குக் குடு. இந்தக் கடைசித் தொட்டி. மழைத்தண்ணியில இத ஒரு சிட்டிகை கரைச்சு ஊத்துறேன். பத்து நாள் பாரு. சரியா வரலன்னா டாக்டர் முன்னாடி என் மீசைய எடுத்துடுறேன்."

மிமூன் என்னைப் பார்த்தான். "என்ன பூஷ்தா?"

"உன் செடி, உன் தம்பி. நான் என்ன சொல்ல?" என்றேன்.

"செடிக்குப் பேதி ஆகாதுல்ல?" என்று யாம்னா கேட்டாள். கத்தூர் அதற்கு ஏதோ சொல்ல, அவள் தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓடினாள். மிமூன்கூடச் சிரித்தான். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: பதினான்காம் எண், அனுமதியில்லாத சோதனை.

பத்து நாள் தேவைப்படவில்லை. எட்டாம் நாள் அந்தத் தொட்டியில் புதிதாக விட்ட இலைகள் நல்ல பச்சையில் வந்தன. மற்ற பதின்மூன்றிலும் மஞ்சள் இரண்டு அடுக்கு மேலே ஏறியிருந்தது. இதை நான் மட்டும்தான் பார்த்தேன். மிமூன் அறுவடைக் கூலிக்குக் கீழ்க் கிராமத்துக்குப் போயிருந்தான், கத்தூர் பட்டணத்தில் இருந்தான். ஆனால் இன்னும் இரண்டு நாளில் எல்லோரும் பார்ப்பார்கள். கத்தூர் அந்தக் கிளையை ஒடித்துத் தேநீர்க் கடைக்கே கொண்டுவருவான். அவன் செய்யக்கூடியவன்.

அன்று மாலை மிமூன் கூலிவேலை முடிந்து கோவேறு கழுதையோடு ஏறி வந்தபோது நான் பாதையில் அவனுக்காக நின்றேன்.

"மிமூன், எனக்கு ஒரு சந்தேகம். சொல்லலாமா வேண்டாமான்னு நாலு நாளா யோசிக்கிறேன்."

"சொல்லு."

"இது நோய் மாதிரி தெரியல. நோய்னா ஒரு ஒழுங்குல போகும். இது யாரோ ஏதோ ஊத்துற மாதிரி இருக்கு."

அவன் கழுதையை நிறுத்தினான். "யாரு?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? இலைதான் எனக்குத் தெரியும், ஆளத் தெரியாது. ரெண்டு நாள் பாரு. யார்கிட்டயும் சொல்லாத, உன் வீட்லகூட."

நான் பெயர் சொல்லவில்லை. இன்று வரைக்கும் நான் எந்தப் பெயரையும் சொன்னதில்லை. மிமூன் கழுதையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். பிறகு, "நாட்டு விதை வந்துட்டா சீமை விதைய யாரு வாங்குவாங்க?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது அவனாகச் சேர்த்துக்கொண்ட கணக்கு.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஏதோ ஊற்றுகிறார்கள் என்று நான் சொல்லியாகிவிட்டது. செடியில் அதற்கான அடையாளம் இல்லை. சங்கத்துக்காரர்கள் வெளியாள் ஒருவரை அழைத்துக் காட்டினால் அவர் மெக்னீசியம் என்பார். நான் சொன்ன ஒரு முடிவு செடியோடு பொருந்தாமல் தொங்கிக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டு, அதற்கு ஆதாரம் இல்லை என்று பிறகு தெரிந்தால் என்ன செய்வீர்கள் ஐயா? தெரியாமல்தான் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருந்தார்கள். எனக்கு முழங்கால் வலி என்று சொல்லியிருந்தேன். மிமூன் வீட்டுக் கதவைத் தட்டினேன். யாம்னா கோதுமை ரவைக் குஸ்குஸ் வேகவைத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் ஆவி.

"மாடிக்குப் போறேன் தங்கச்சி. கொஞ்சம் மருந்து ஊத்தணும்."

"போங்கண்ணே. இறங்கி வந்து சாப்பிட்டுத்தான் போகணும்."

என் கையில் ஐந்து லிட்டர் கேன் இருந்தது. ரோட்டோரத்தில் புல் முளைக்காமல் இருக்க ஊற்றும் களைக்கொல்லி. ஸ்பெயினிலிருந்து வந்த பழைய சரக்கு. வேர் வழியாக ஏறும், சத்தமில்லாமல் வேலை செய்யும். தண்ணீரில் கலந்து ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு குவளை ஊற்றினேன். அவசரமில்லாமல்தான் ஊற்றினேன், மண் முழுக்கச் சமமாக நனைய வேண்டுமல்லவா. ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் பதின்மூன்று வரைக்கும்.

பதினான்காம் தொட்டிக்கு ஊற்றவில்லை. அதை ஏன் விட்டேன் என்று நான் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அது கத்தூருடைய தொட்டி. இன்னொருவன் சோதனையில் கை வைக்கக் கூடாது என்று அந்தப் பொறியாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பழக்கமாகத்தான் இருக்கும்.

கீழே இறங்கிக் கை கழுவிச் சாப்பிட்டேன். யாம்னா பூசணித் துண்டை என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

அடுத்த ஆறு நாளும் தினம் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் நரம்பும் வெளுத்தது. நான்காம் நாள் இலைகள் உள்பக்கம் சுருண்டன. மிமூன் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது எனக்குக் கேட்கும். ஒவ்வொரு நாளும் அவன் அதே கேள்வியைத்தான் கேட்டான். "இது நோயா?" ஒவ்வொரு நாளும் நான் அதே பதிலைச் சொன்னேன். "இல்ல." அந்த ஆறு நாளில் நான் அவனிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அவன் தூங்கவேயில்லை என்று யாம்னா சொன்னாள். சாப்பாட்டுத் தட்டைத் தொடுவதில்லையாம், சுவருக்கு அந்தப்பக்கம் கத்தூர் வீட்டுக் கதவுச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுகிறானாம்.

"என்னண்ணே ஆச்சு இவருக்கு? நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றாள்.

"செடிக் கவலைதான். சரியாயிடும்" என்றேன்.

வியாழக்கிழமை காலை, வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. நானும் மிமூனும் மாடியில் இருந்தோம். பதின்மூன்று செடியும் வெந்த கீரை மாதிரி தொங்கின. கடைசியில் ஒன்று மட்டும் இடுப்பளவு உயரத்தில், பச்சைப் பசேலென்று, பூ பிடித்து நின்றது. மிமூன் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கத்தூர் சுவரைத் தாண்டி வந்தான். ஐந்து நாள் பட்டணத்தில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தான். கையில் ஒரு தாள் பொட்டலத்தில் அத்திப்பழம். மற்ற செடிகளை அவன் முதலில் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். சூரியன் அவன் கண்ணில் அடித்தது. நேராகத் தன் தொட்டியைத்தான் பார்த்தான்.

"பாத்தியா அண்ணே! நான் சொன்னேன்ல? என் தொட்டியப் பாரு, எப்படி நிக்குது!"

மிமூன் எழுந்தான்.

"மத்ததெல்லாம் என்ன ஆச்சு?" என்று கத்தூர் அப்போதுதான் திரும்பினான். முகத்தில் சிரிப்பு அணைந்தது. ஓடிப்போய் ஒரு இலையைப் பிடித்துப் பார்த்தான். "அய்யோ, இது வேற. இது அது இல்ல. அண்ணே, இதுல யாரோ..."

அவன் அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்பது எனக்குத் தெரியும். அவனும் இலை பார்க்கக் கூடியவன்தான். ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டான்.

மிமூன் அவனைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தான். "பூஷ்தா, சொல்லு. நாப்பது வீட்டுச் சோறு இது. நீ சொல்லு."

ஐயா, இந்த இடத்தில் எனக்கு நேரம் இருந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். கீழே தெருவில் ஒரு கோழி கொக்கரித்ததும் யாம்னா பாத்திரம் தேய்த்ததும் எனக்குக் கேட்டன. கத்தூர் இலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அவன் கண்ணில் கேலி இல்லை. அவனும் என் பதிலுக்காகத்தான் காத்திருந்தான். முதல் தடவையாக.

"ஊத்துறவன் தன் தொட்டியில ஊத்துவானா?" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மிமூன் இரண்டு கையாலும் தம்பியின் நெஞ்சில் தள்ளினான். ஒரே தள்ளு. அந்த மாடியின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். அந்தப் பக்கம் இரண்டு மாடிப் பள்ளம், கீழே கல் பாவின முற்றம். கத்தூர் கத்தவில்லை. "அண்ணே" என்றுதான் சொன்னான், கூப்பிடுகிற மாதிரி.

அத்திப்பழம் மாடியெல்லாம் உருண்டது. மிமூன் கொஞ்ச நேரம் கையை நீட்டினபடியே நின்றான். பிறகு தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்பக்க ஓடையில் எறிந்தான். பதின்மூன்றையும். பதினான்காவதிடம் வந்ததும் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கீழே யாம்னாவின் குரல் கேட்டது. அந்தக் குரலை நான் விவரிக்கப்போவதில்லை.

கத்தூரை அவனுடைய டாக்ஸியிலேயே பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில், இசாகனைத் தாண்டியதும் உயிர் போய்விட்டது. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

நான் சாட்சி சொன்னேன். நான் என்ன பார்த்தேனோ அதைச் சொன்னேன். செடிகளுக்கு விஷம் ஊற்றப்பட்டிருந்தது என்று இலையைப் பார்க்கத் தெரிந்தவன் என்ற முறையில் சொன்னேன். அது உண்மை. யார் ஊற்றியது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது என்ற நினைப்பு. வெள்ளிக்கிழமை நான் கேனில் கொண்டுபோனது மருந்து என்றே யாம்னாவும் நம்பியிருந்தாள். கத்தூர் விதை வியாபாரத்துக்காகச் செய்தான், அண்ணன் ஆத்திரத்தில் தள்ளினான். ஊரில் கத்தூரின் மனைவியோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். சங்கத்தில் என்னைக் கௌரவமாக நடத்தினார்கள். சந்தை நாளில் மறுபடியும் கைக்குட்டையில் இலை வந்தது.

இப்படியே போயிருக்கும். ஆனால் மிமூனின் வக்கீல் மண்ணை ஆய்வுக்கு அனுப்பச் சொன்னார். ஓடையில் விழுந்த தொட்டிகளின் மண்ணைக் கோடை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது பதினான்காவது தொட்டி ஒன்றுதான். அதை அனுப்பினார்கள். காகிதம் சென்ற மாதம் வந்தது. சங்கத்தில் உரக்க வாசித்தார்கள். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். மெக்னீசியக் குறைபாடு, பேதி உப்பால் சரியாகி வந்திருக்கிறது. விஷம் எதுவும் இல்லை. கடைசியில் ஒரு வரி: செடிகளைப் பார்வையிட்டவர் நோயைத் தவறாகக் கணித்ததே சகோதரர்களுக்கிடையே ஏற்பட்ட சந்தேகத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

வாசித்து முடித்ததும் யாரும் என்னைத் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். அஷூர், "விடு பூஷ்தா, கண்ணு மங்கிப்போச்சு, வயசாச்சுல்ல" என்று என் தோளைத் தட்டினான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து யாம்னா என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். புருஷன் சிறையில். மெலிந்துபோயிருந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரலை உயர்த்தவேயில்லை.

"உங்கமேல எனக்குக் கோபம் இல்லண்ணே. நீங்களும் மனுஷன்தான். ஆனா தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்குத் தெரியல, வேற யார்கிட்டயாவது காட்டுங்கன்னு. அவ்வளவு கஷ்டமான வார்த்தையா அது?"

"எனக்குத் தெரியும்மா" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா கத்தூர் இருந்திருப்பானே" என்றாள். போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனசாட்சி என்று நீங்கள் எழுதுவதாக இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இன்று காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். கத்தூரின் மனைவிக்கு ஊர் மறுபடி முகம் கொடுக்க வேண்டும். மிமூனின் தண்டனை குறைய வேண்டும். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? வாசலில் காவலரிடம் கொடுத்திருக்கிற பையில் அந்தக் களைக்கொல்லி கேன் இருக்கிறது. மூடியில் என் கைரேகை இருக்கும். ஓடைக்கரையில் ஒரு தொட்டி பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டு இன்னும் கிடக்கிறது. ஒன்பதாம் எண். நான் போய்ப் பார்த்தேன். அடியில் ஒரு பிடி மண் ஒட்டியிருக்கிறது. அதை ஆய்வுக்கு அனுப்புங்கள், விஷம் வரும். நான் உறுதியாகச் சொல்கிறேன். ஏனென்றால் ஊற்றியது நான்.

கத்தூர் ஊற்றவில்லை. அவன் சொன்னது சரி, ஜூன் இரண்டாம் தேதியே எனக்குத் தெரியும். பதின்மூன்று தொட்டியைக் கொன்றதும் பதினான்காவதை விட்டுவைத்ததும் நான்தான். மிமூனின் கோபம் எந்தப் பக்கம் பாயும் என்று தெரிந்தே அந்த வார்த்தையைச் சொன்னேன். எத்தனை வருடம் வேண்டுமானாலும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் ஐயா. ஆய்வுக் காகிதத்தின் கடைசியில் தவறாகக் கணித்தார் என்று ஒரு வரி இருக்கிறதே, அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அடித்ததை எங்கள் ஊர்ச் சங்கத்தில் உரக்க வாசிக்கவும் சொல்லுங்கள்.